நல்ல பீஸில் பூசிய சிவப்பு

சனத்நகர் தொழிற்பேட்டையில் தகரக் கொட்டகை ஒன்று போட்டேன். பழைய இரும்புக் கடையில் ஒரு லேத்தைப் பொறுக்கி வந்து, அதன் மோட்டாருக்கு நானே கம்பி சுற்றி ஓடவிட்டேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதற்கு முன்னால் மெட்டுகுடாவில் மூட்டை தூக்கினவன். பிறகு நாலு லேத், இரண்டு மில்லிங் மெஷின், பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்தின் சப்ளையர் பட்டியலில் ஓர் இடம். ஒருத்தரும் கைதூக்கி விடவில்லை.

ராக்கெட்டின் புகைவாயாகப் பொருத்தும் என் எஃகு நாசில்களை அங்கிருந்து வந்து பரிசோதித்தவர் அல்வாலில் குடியிருந்த ஒரு தமிழ் விஞ்ஞானி. சண்டையே கூடாது என்று தமிழ்ச் சங்கத்தில் பேசுகிறவர். இரண்டு வருஷமாக என் வேலையில் குறை சொன்னதில்லை. யுத்தம் வரப்போகிறது, ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டுங்கள் என்று சர்க்கார் சொன்ன மாதம், இரண்டு லாட் சரக்கை அளவு சரியில்லை என்று தொடர்ந்து தள்ளினார். தள்ளின பீஸுக்குச் சிவப்பு பெயிண்ட் பூசுவது வழக்கம். மூன்றாவது லாட்டும் சிவப்பானால் பட்டியலிலிருந்து நான் காலி.

லஞ்சம் எதிர்பார்க்கிறாரா? போட்டிக்காரனின் ஆளா? உளவாளியோ என்றுகூட நினைத்தேன். லேத் ஓட்டும் என் டர்னர் வேறு ஏற்றிவிட்டான்: "நம்ம சாய் நக்கோ, டீயே வேணாங்கறார் சேட். வேற எடத்துல குடிச்சிட்டு வர்றாரோ என்னவோ."

முன்பு அவரே பாஸ் செய்த பீஸ் ஒன்று மாதிரிக்காக என்னிடம் இருந்தது. அதன் உள்பக்கம் ஒரு புள்ளி குத்தி, மூன்றாவது லாட்டில் கலந்துவிட்டேன். அளவு பார்க்கும் கேஜை வைத்துப் பார்த்தார். அதற்கும் சிவப்பு.

டர்னரை வெளியே அனுப்பிவிட்டுப் புள்ளியைக் காட்டினேன். "இது நீங்களே பாஸ் பண்ணினது சார். யார் சொல்லி இதைச் செய்றீங்க?"

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "யாரும் சொல்லலைங்க. மேகத்தை ஆராயற ராக்கெட்டுக்குன்னுதான் நான் சேர்ந்தேன். இப்ப அதுல குண்டு வைக்கப் போறாங்க. கொஞ்சம் தாமதமாகட்டுமேன்னு பார்த்தேன்."

"அகிம்சைக்குப் பெயிண்ட் டப்பா எதுக்கு சார்? மாட்டேன்னு மேலே எழுதிக் குடுங்க."

"வேலை போயிடும்."

"அதுக்கு என் பேர் போகலாமா?"

 அவர் எழுந்து தின்னரை எடுத்து, அந்தச் சிவப்பை அவரே துடைத்தார். 'அளவு சரி' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.  மறுநாள், ஆயுத வேலை செய்ய மாட்டேன் என்று கடிதம் கொடுத்தார். வேலை போகவில்லை. பதவி உயர்வு நின்றது. கடைசிவரை நூலகத்தில் உட்கார வைத்தார்கள்.

அவர் ஓய்வு பெற்றபோது சங்கம் ஒரு பாராட்டு மலர் போட்டது. தன் மனசாட்சியைக் கேட்டுத் தன்னந்தனியாக அந்தக் கடிதத்தை எழுதினாராம்; அதில் அவரே சொல்லியிருக்கிறார். பட்டறையைப் பற்றி ஒரு வரி இல்லை. பெயிண்ட் விஷயம் வெளியே வந்துவிடும் என்றுதான் விட்டிருக்கிறார் என்பது என் சந்தேகம். என்னிடம் அவர் நேரில் கேட்டிருந்தால் அந்தப் பெயிண்டை மட்டும் மறைத்திருப்பேன். எழுதச் சொன்னவன் நான். மலரை மறுபடி அச்சடித்தால், அந்தப் பக்கத்தில் என் பெயரும் இருக்க வேண்டும்.