கடையை விற்கப் போன புதன்கிழமை

1986ஆம் ஆண்டு நவம்பர் 12, புதன்கிழமை. காலை மணி 10.35. நல்ல மழை. சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் கடையின் கதவை நான் திறந்தபோது, வலது காலணிக்குள் மட்டும் தண்ணீர் புகுந்திருந்தது. கடையை விற்கப் போகிற நாள் என்பதால் அதையும் மனத்தில் குறித்துக்கொண்டேன். இப்போது எனக்கு வயது எண்பத்திரண்டு. இன்னும் மறக்கவில்லை.

கடை என்றால் பதினோரு அடி அகலம், இருபத்து மூன்று அடி நீளம். டிவியில் செருகி விளையாடும் வீடியோ கேம் கேசட்டுகளும், கையில் பிடித்து விளையாடும் சின்ன கேம்களும் விற்றோம். போட்ட பணத்தில் பாதி என்னுடையது. மற்றப் பாதியும் உழைப்பு முழுவதும் என் மனைவியின் தம்பியுடையது. நான் பகலில் துறைமுக அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதும் கிராணி. மாலையில் கடைக்கு வந்து கவலைப்படுவது என் பங்கு.

கடையின் நடுவே ஒரு டிவி இருந்தது. வாங்குவதற்கு முன் எந்த கேசட்டையும் பத்து நிமிடம் விளையாடிப் பார்க்கலாம். பத்து நிமிடம் என்று விதி போட்டவனும், அதை அட்டையில் எழுதி ஒட்டியவனும் நான். என் மச்சான் ஒருவரையும் பத்து நிமிடத்தில் எழுப்பியதில்லை. ஒரு நாள் நான் மணி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு டாக்சி ஓட்டுநர் ஐம்பத்து மூன்று நிமிடம் ஆடிவிட்டு எதுவும் வாங்காமல் போனார்.

"நாளைக்கு வருவாரு அத்தான்" என்றான் மச்சான்.

வந்தார். ஐம்பத்தெட்டு நிமிடம் ஆடினார்.

அந்த வட்டாரத்திலும் வெளியிலுமாக எங்களைப் போன்ற தனிக்கடைகள் ஒன்பது இருந்தது எனக்குத் தெரியும். ஆர்ச்சர்ட் சாலையில் ஒரே ஒரு கடையாகத் தொடங்கிய நிறுவனம் ஒன்று இரண்டே ஆண்டுகளில் அவற்றை ஒவ்வொன்றாக வாங்கத் தொடங்கியது. முதலில் புக்கிட் மேரா கடை. பிறகு ஒரே மாதத்தில் மூன்று. பெயர்ப்பலகை மாறும், சுவருக்கு ஆரஞ்சு வண்ணம் வரும், உரிமையாளர் கழுத்தில் டை வரும். ஒன்பதில் ஐந்து போய்விட்டது. எனக்குத் தூக்கமும் போய்விட்டது. நம்மை வாங்காமல் எதிரிலேயே ஒரு கடை திறந்துவிட்டால் என்ன செய்வது? நானே அவர்களுக்குக் கடிதம் எழுதினேன். கடைக்கு முப்பத்தெட்டாயிரம் வெள்ளி, மச்சானுக்குச் சம்பளத்தோடு உதவி மேலாளர் வேலை என்று பதில் வந்தது.

மச்சானைக் கூட்டிக்கொண்டு அவர்களுடைய ஆர்ச்சர்ட் கடையைப் பார்க்கப் போனேன். குளிர்சாதனம் ஓடியது. பொருள்கள் எல்லாம் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியிருந்தன. விளையாடிப் பார்க்க டிவி இல்லை. எனக்குத் திருப்தி. மச்சான் அங்கே வேலை செய்தவரிடம் ஒரு கேசட்டைக் காட்டி, மூன்றாவது கட்டத்தில் பாலம் உடைந்தால் எப்படித் தாண்டுவது என்று கேட்டான். அவர் பெட்டியைத் திருப்பி விலையைப் படித்துச் சொன்னார்.

"நகைக்கடை மாதிரி வெச்சிருக்காங்க அத்தான்" என்றான் திரும்பி வரும்போது. பேருந்தில் நான்கு நிறுத்தம் கழித்து, "டை வேற கட்டணுமா?" என்றான்.

"வித்துடலாமா?" என்று கேட்டேன்.

"நீங்க சொன்னா சரி அத்தான்."

அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கையெழுத்துக்கு நேரம் குறித்தவனும் நானே. புதன்கிழமை, பதினொரு மணி. ராகு காலத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பயம் உண்டு. நாட்காட்டியில் புதன்கிழமைக்குப் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை என்று போட்டிருக்கும். பதினொன்றுக்கு ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் கையில் இருக்கிறது. அலுவலகத்தில் அரை நாள் லீவு எடுத்தேன்.

பதினொன்றுக்கு யாரும் வரவில்லை. 11.20க்கும் வரவில்லை. நான் கடைக்கு முன்னால் கூரையிட்ட நடைபாதையான ஐந்தடியில் நின்று சாலையைப் பார்ப்பதும் உள்ளே வந்து கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தேன். எட்டாவது தடவை வெளியே போனபோது நிறுவனத்தின் மேலாளர் நனைந்தபடி ஓடி வந்தார். மணி 11.41. இருபத்தைந்து வயதுச் சீன இளைஞர். டையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஸாரி அங்கிள், ரோடெல்லாம் தண்ணி, பயங்கர ஜாம் லா" என்றார் ஆங்கிலத்தில். நாங்கள் மூவரும் அன்று பேசியது பெரும்பாலும் ஆங்கிலம்தான். நானும் மச்சானும் எங்களுக்குள் பேசியது தமிழ்.

ஒப்பந்தம் ஒன்பது பக்கம். படிக்காமல் கையெழுத்துப் போடும் வழக்கம் எனக்கு இல்லை. ஆறாம் பக்கத்தில் ஒரு கூட்டல் என்னைப் பிடித்து நிறுத்தியது. இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. ஒன்பதாம் பக்கத்தை முடித்துப் பேனாவின் மூடியைக் கழற்றியபோது மச்சான் சுவர் நாட்காட்டியையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றான்.

"அத்தான், பன்னெண்டு மூணு."

என் கை அப்படியே நின்றுவிட்டது. மேலாளர் என் கையைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். என்னவென்று கேட்டார். ஒரு நாளில் ஒன்றரை மணி நேரம் நல்ல காரியம் எதையும் தொடங்குவதில்லை என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "என் அம்மாவும் இதெல்லாம் பார்ப்பார்" என்றார். "அப்படியானால் நேரம் போய்விட்டதா?"

"இல்ல, இன்னும் அரை மணி இருக்கு" என்றான் மச்சான் அமைதியாக. "82ல சிங்கப்பூர் கடிகாரத்தை அரை மணி முன்னால தள்ளி வெச்சாங்கல்ல? கடிகாரத்தைத்தான தள்ளுனாங்க, ராகுவைத் தள்ளலையே. அதனால பன்னெண்டரைக்குத்தான் ஆரம்பம்."

அந்த நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டு எங்கள் இருவருடைய பதினெட்டுக் கையெழுத்தையும் போட்டு முடித்திருக்க வேண்டும். இருபத்தேழு நிமிடம் இருந்தது. ஆனால் தப்பான கணக்கைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. வீட்டில் மளிகைக் கடை ரசீதில் எங்களுக்குச் சாதகமாகப் பத்துக் காசு பிழை இருந்தாலும் திருப்பி எடுத்துக்கொண்டு போகிறவன் நான்.

"அது அப்படி இல்ல" என்றேன்.

"இல்லையா அத்தான்?"

"நாட்காட்டியில போட்டிருக்கிறது சூரியன் ஆறு மணிக்கு உதிக்கிற ஊருக்கு. இங்க ஆறு மணிக்கா உதிக்குது?"

துறைமுக அலுவலகத்தில் சூரிய உதய நேரமும் அலை மட்டமும் தினமும் பலகையில் எழுதுவார்கள். அன்றைய உதயம் 6.46, அஸ்தமனம் 6.49 என்று எனக்கு மனப்பாடம். ஒப்பந்தம் வந்த உறையைத் திருப்பிப் போட்டு அதன்மேல் கணக்கை ஆரம்பித்தேன். பகல் பொழுது எழுநூற்று இருபத்து மூன்று நிமிடம். அதை எட்டாகப் பிரிக்க வேண்டும். புதன்கிழமைக்கு ஐந்தாவது பங்கு. மச்சான் ஏன் எட்டு என்று கேட்டான். விளக்கினேன். ஏன் ஐந்தாவது என்று கேட்டான். திங்களுக்கு எது, செவ்வாய்க்கு எது என்று ஏழு நாளுக்கும் எழுதிக் காட்டினேன். மேகமாக இருக்கிறதே, சூரியன் உதித்ததை யார் பார்த்தார்கள் என்று கேட்டான். அதற்கும் விளக்கினேன். மேலாளர், மதியம் என்பது எல்லா ஊரிலும் பன்னிரண்டுதானே என்றார். அவருக்குத் தனியாக ஒரு படம் வரைந்தேன்.

"ஆக, ராகு காலம் பன்னிரண்டு நாற்பத்தேழரைக்குத்தான் ஆரம்பம்!" என்று உறையின் கீழே இரண்டு கோடு போட்டு நிமிர்ந்தேன்.

மச்சான் கடிகாரத்தைக் காட்டினான். 12.46.

"ஒன்றரை நிமிஷம் இருக்கு அத்தான். ஒன்பது பக்கம், ரெண்டு பேரு, பதினெட்டுக் கையெழுத்து."

ஒரு கையெழுத்துக்கு ஐந்து விநாடி என்றால் சரியாகத் தொண்ணூறு விநாடி. முடியும். ஆனால் என் கையெழுத்து ஏழு விநாடி பிடிக்கும். அலுவலகத்தில் நேரம் பார்த்திருக்கிறேன். இதை நான் யோசித்து முடித்தபோது 12.48.

"எப்ப முடியும்?" என்று மேலாளர் கேட்டார்.

"ரெண்டு பதினெட்டு" என்றேன். வெளியே மழை விடவில்லை. அவரும் உட்கார்ந்துவிட்டார்.

எதிர்க் கோப்பிக்கடையிலிருந்து மூன்று கோப்பியும் ஆறு வடையும் வாங்கி வந்தேன். திரும்பும்போது மேலாளர் டையைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். வீடியோ கேம் கடைகளை வாங்குவதுதான் அவருடைய வேலை. ஆனால் அன்றுவரை ஒரு கேமையும் கையால் தொட்டதில்லையாம். முதல் அரை மணி நேரத்தில் பதினேழு முறை செத்தார்.

"குதிக்காத, குதிக்காத, அது வரட்டும்... இப்ப குதி!" என்று மச்சான் அவர் தோளில் தட்டினான்.

பதினெட்டாவது முறை பாலத்தைத் தாண்டிவிட்டார். எழுந்து நின்று கத்தினார். ஐந்தடியில் மழைக்கு ஒதுங்கியிருந்த இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அட்டையில் எழுதியிருந்த பத்து நிமிட விதியை அன்று நான் சுட்டிக்காட்டவில்லை. மச்சானின் முகத்தையும் பார்த்தேன். கடை விற்கிற நாளில் ஒருவன் இப்படியா சிரிப்பான் என்று தோன்றியது. அதற்குமேல் யோசிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்ப்பதில் மும்முரமாக இருந்தேன்.

2.10க்கு நான் பேனாவை மறுபடி எடுத்தேன். மச்சான் மேலாளரிடம் மெதுவாகக் கேட்டான்: "உங்கள் அம்மா நேரம் பார்ப்பார் என்றீர்களே. இன்றைக்குப் பார்த்தாரா?"

அவர் முகம் மாறியது. எங்கள் கடைத் தொலைபேசியிலேயே வீட்டுக்கு அழைத்தார். நெடுநேரம் 'ம்' கொட்டினார். சீன நாட்காட்டிப்படி அவர் மாட்டு வருடத்தில் பிறந்தவர். ஒன்றிலிருந்து மூன்று மணி வரை ஆட்டின் நேரம். மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஒத்துவராது.

"மூன்று மணிக்குப் போட்டுவிடலாம் அங்கிள். என்ன அவசரம்?" என்று சொல்லிவிட்டு மறுபடி டிவிக்கு முன்னால் உட்கார்ந்தார். நான் இன்னும் மூன்று கோப்பி வாங்கி வந்தேன். ஒரு கோப்பி நாற்பது காசு, ஒரு வடை முப்பது காசு. எனக்கு வேண்டியிருக்கவில்லை, ஆனாலும் குடித்தேன்.

2.40க்குத் தொலைபேசி அடித்தது. மேலாளரின் அலுவலகம். அவர் பேசியது இவ்வளவுதான்: "இல்லை... இன்னும் இல்லை... மழை... சரி."

வைத்துவிட்டு ஒப்பந்தத்தை எடுத்துப் பைக்குள் வைத்தார். அவர்களுடைய நிறுவனத்தையே பல கிளைகள் வைத்த இன்னொரு பெரிய நிறுவனம் வாங்கிவிட்டதாம். இனிமேல் சின்னக் கடை எதையும் வாங்கக் கூடாது, கையெழுத்தாகாததெல்லாம் ரத்து என்று உத்தரவு. அன்று காலை பதினொன்றரைக்கே அவர்கள் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட சைனாடவுன் கடைக்காரருக்கு முழுப் பணமும் போய்ச் சேர்ந்ததைப் பிறகு கேள்விப்பட்டேன்.

"உங்க வேலை?" என்று கேட்டான் மச்சான்.

"நாளைக்குத் தெரியும்" என்றார் அவர். பிறகு, தான் ஆடிக்கொண்டிருந்த அந்த கேசட்டைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு மழையில் இறங்கினார். அன்றைய ஒரே வியாபாரம் அதுதான். லாபம் ஆறு வெள்ளி, என் பங்கு மூன்று.

நாற்காலியில் டை மாட்டியபடியே கிடந்தது. அதைத் தேடி அவர் வரவேயில்லை.

ஐந்து மாதத்தில் புது நிறுவனம் எங்களுக்கு எதிர்வரிசையில் கடை திறந்தது. நான் பயந்த மாதிரியே எல்லாம் நடந்தது. ஒன்று மட்டும் நான் எதிர்பாராதது. மச்சான் அந்த நாள்களில் விசில் அடித்துக்கொண்டு கடை திறந்தான். எதிர்க்கடையில் வாங்கியவர்கள் பாலத்தைத் தாண்டத் தெரியாமல் எங்கள் கடைக்கு வந்து கேட்டார்கள். அவன் சொல்லிக்கொடுத்தான், இலவசமாக. அந்தப் புதன்கிழமையிலிருந்து பதினான்கு மாதம் தாக்குப்பிடித்தோம். 1988 ஜனவரியில் மிச்சச் சரக்கை விற்றுப் பங்கு பிரித்தபோது எனக்கு வந்தது இரண்டாயிரத்து நூற்றைம்பது வெள்ளி.

அன்று சாப்பிடும்போது மனைவியிடம் புலம்பினேன். "எல்லாம் அந்த ராகு காலத்தால வந்தது. உன் தம்பிக்கு அதுல அவ்வளவு பயம்."

"அவனுக்கா?" என்றாள் மனைவி. "என்னங்க சொல்றீங்க? அவன் என்னிக்கு ராகு காலம் பார்த்தான்? அவன் கல்யாணம் பதிவு செஞ்சதே ராகு காலத்துல. சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு. நீங்கதான சாட்சிக் கையெழுத்துப் போட்டீங்க?"

கையைக் கழுவிவிட்டுக் கணக்குப் போட்டேன். நாட்காட்டிக் கணக்கு, மச்சானின் அரை மணிக் கணக்கு, என் சூரிய உதயக் கணக்கு. சனிக்கிழமை பத்து மணி மூன்றிலுமே ராகு காலம்.

மறுநாள் வெற்றுக் கடையில் அவன் டிவியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"வேணாம்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"உங்க முகத்துக்கு நேரா எப்படி அத்தான் வேணாம்னு சொல்றது?" என்றான், முடிச்சுப் போட்டபடி. "சும்மா விட்டா ஒன்றரைக்கே கையெழுத்தாயிடும், இன்னும் தள்ளிப்போடத்தான் பார்த்தேன். அரை மணின்னு தப்பாச் சொன்னா நீங்க விட மாட்டீங்கன்னு தெரியும். ஆனா ஒரு பத்து நிமிஷம் பேசுவீங்கன்னுதான் நெனச்சேன். அந்த உறை மேல ஏழு நாளுக்கும் போடுவீங்கன்னு சத்தியமா நெனைக்கல."

"அந்த உறை எங்க?"

"வெச்சிருக்கேன்" என்றான்.

டிவியின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். இருவருமாக ஐந்தடிக்குத் தூக்கி வந்தோம். கடை அவனிடம் கூடுதலாக இருந்தது பதினான்கு மாதம். வருத்தப்பட்டாயா என்று கேட்டேன். ஒரு நாள்கூட இல்லை என்றான். ஆகவே அதற்கான விலையை மட்டும் இங்கே எழுதிவிடுகிறேன். வரவேண்டிய பாதிப்பங்கு பத்தொன்பதாயிரம். அதில் கைக்கு வந்தது போக நஷ்டம் பதினாறாயிரத்து எண்ணூற்றைம்பது. ஆறு கோப்பிக்கும் ஆறு வடைக்கும் நான்கு வெள்ளி இருபது காசு. கழிக்க வேண்டியது, மேலாளர் வாங்கிய கேசட்டில் என் பங்கு மூன்று வெள்ளி. மொத்தம் 16,851 வெள்ளி 20 காசு.