கற்பூரம் மணக்கும் சவரக்கத்தி

நான் எழுதிய ஒரேயொரு சொல் என்னை நான்கு நாள் நித்திரை கொள்ளவிடவில்லை. இணையத்தில் விற்பதற்குப் போட்ட விளம்பரத்தில், 'பழைய சவரக்கத்தி' என்பதோடு நிறுத்தியிருக்கலாம். 'தந்தப்பிடி' என்றும் சேர்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அந்தப் பெட்டியை எனக்கு விற்ற கிழவர் அப்படித்தான் சொல்லியிருந்தார். பெட்டிக்குள் ஒரு சவரக்கத்தி, ஒரு பிரஷ், ஒரு சவர்க்காரக் கிண்ணம். மூன்று கிழமை வீட்டில் வைத்திருந்துவிட்டு, படம் எடுத்துப் போட்டேன்.

அடுத்த நாள் காலை முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து செய்தி வந்தது. உண்மையாகவே தந்தமா என்று கேட்டிருந்தார். இங்கிலாந்தில் தந்தம் விற்பது குற்றம், விற்கிறேன் என்று விளம்பரம் போடுவதும் குற்றம், தெரியாவிட்டால் தெரிந்துகொள்ளுங்கள் என்று முடித்திருந்தார். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். அந்த மரியாதைதான் எனக்குக் கூடுதல் பயத்தைத் தந்தது.

குடியுரிமைக்கு விண்ணப்பம் அனுப்பி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தப் படிவத்தில் நன்னடத்தை பற்றி ஒரு பகுதி இருக்கிறது. அதைச் செய்தீர்களா, இதைச் செய்தீர்களா என்று வரிசையாகக் கேள்விகள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒவ்வொரு கேள்வியையும் மூன்று தரம் வாசித்து, எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று அடையாளமிட்டேன். அவை எல்லாம் உண்மையான 'இல்லை'கள். இப்போது ஒன்று பொய்யாகிவிடுமோ? பதினாறு வருடக் காத்திருப்பு ஒரு கத்திப்பிடியில் போய்விடுமோ?

விளம்பரத்தை உடனே எடுத்துவிட்டேன். பிறகு, எடுத்ததே குற்றத்தை ஒப்புக்கொண்டது போலாகிவிட்டதோ என்று யோசித்தேன். மனைவி தேநீரை மேசையில் வைத்துவிட்டு, தந்தமோ இல்லையோ என்று தெரியாமலே ஏன் சாகிறீர்கள், தெரிந்துகொண்டு சாகலாமே என்றாள்.

செவன் கிங்ஸில் எனக்கு முடி வெட்டுகிற மன்னார்க்காரர் நினைவுக்கு வந்தார். சலூனுக்குள்ளே கண்ணாடி அலுமாரியில் பழைய சவரக்கத்திகளை அடுக்கி வைத்திருப்பவர். அழைத்துக் கேட்டேன். படத்தில் சொல்ல ஏலாது, கையில் கொண்டுவாருங்கள் என்றார்.

கையில் கொண்டுபோவது எப்படி? இந்த ஊரில் கத்தியோடு தெருவில் பிடிபட்டால், தகுந்த காரணம் காட்ட வேண்டும். அதனால் ஒரு கடிதம் எழுதினேன். 'நான் இந்தக் கத்தியால் ஒருவரையும் வெட்டப் போகவில்லை. இதன் பிடி யானைத்தந்தமா என்று பார்க்கக் கொண்டுபோகிறேன்' என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். மனைவி வாங்கி வாசித்தாள்.

"இதைக் காட்டினியளெண்டா ஒரு குற்றத்தோட போய் ரெண்டு குற்றத்தோட வருவியள்."

அப்போதுதான் எனக்கும் விளங்கியது. ஆனாலும் கிழித்துப்போட மனமில்லாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். கத்தியைத் துவாயில் சுற்றி, பிரஷையும் கிண்ணத்தையும் சேர்த்துச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டினேன். தனிக் கத்தியாக இல்லாமல் சவரச் சாமான் என்று தெரியட்டும் என்பது என் எண்ணம்.

எங்கள் மனோர் பார்க் ரயில் நிலைய வாசலில், கத்தி தேடும் இரும்பு வளைவைப் பொலிஸ்காரர் இருவர் நிறுத்தியிருந்தார்கள். எதையோ மறந்தவன் போல நெற்றியில் தட்டிக்கொண்டு திரும்பினேன். நாலு அடி வைப்பதற்குள், இப்படித் திரும்புகிறவனைத்தானே அவர்கள் பார்ப்பார்கள் என்று தோன்றியது. முதுகு கூசியது. ஒருவரும் கூப்பிடவில்லை. பஸ்ஸில் ஏறினேன். பக்கத்தில் இருந்த தமிழ் அம்மா ஒருவர், என் மடியிலிருந்த பெட்டியைப் பார்த்து வேலைக்கோ என்று கேட்டார். ஓம் என்றேன். பொய் சொல்லிவிட்டேனே என்று வழியில் இல்ஃபர்ட் வரைக்கும் அதே யோசனை.

சலூனில் வேறு ஆட்கள் இல்லை. கத்தியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. மேசையில் வைக்கச் சொன்னார். கூரான சாமானைக் கைக்குக் கை வாங்குவதில்லையாம். பிறகு எடுத்து, பாதி விரித்து, அலகு பிடியோடு சேருமிடத்துக்குக் கீழே, கழுத்துப் போலக் குறுகிய இடத்தை டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தார். அங்கேதான் செய்தவரின் முத்திரை இருக்கும். ஒரு சின்ன மணியின் படம். கீழே பாதி தேய்ந்த பெயர். அதன் கடைசியில் 'மகன்மார்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். அடுத்த வரியில் கத்திகளுக்குப் பேர்போன ஊரான ஷெஃபீல்ட், அதற்குக் கீழே இங்கிலாந்து.

கைபேசியில் கத்தி சேர்ப்பவர்கள் தொகுத்த முத்திரைப் பட்டியல் ஒன்றைத் திறந்து, மணிப்படத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். ஒரு குடும்பப் பட்டறை. தகப்பன் தனியாக நடத்திய காலத்தில் முத்திரையில் 'மகன்மார்' இல்லை. ஆகவே இது மகன்மார் சேர்ந்த பிறகு செய்தது. நாட்டின் பெயரும் இருக்கிறது. அமெரிக்காவுக்குப் போகிற சாமானில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அங்கே சட்டம் வந்த பிறகுதான் ஷெஃபீல்ட்காரர் அதைப் பரவலாக அடிக்கத் தொடங்கினார்களாம். அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். அலகின் இரு பக்கமும் உட்குழிந்திருந்தது. நகத்தால் சுண்டினார், மெல்லியதாக ஒலித்தது. இன்னும் பழையவை ஆப்பு மாதிரித் தடிப்பாக இருக்குமாம். பட்டறை முதலாம் உலகப் போரோடு மூடியிருக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்டது என்றார்.

"அப்ப நூறு வருசத்துக்கு மேல. பழசெண்டா சட்டம் விட்டிடுமோ தம்பி?"

"பழசு எண்டதுக்காக மட்டும் விடமாட்டாங்கள் அண்ணை. அதோட, அந்தக் காலத்தில தந்தத்திலயும் பிடி போட்டவங்கள், செலுலாய்ட் எண்ட பழைய பிளாஸ்டிக்கிலயும் போட்டவங்கள்."

செய்தவர் தெரிந்துவிட்டது, வயது தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிய வேண்டியது மட்டும் தெரியவில்லை. பிடியில் ஓடிய கோடுகளைப் பார்த்தோம். தந்தத்தின் வெட்டுமுனையில் கோடுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும், இதில் நேராக ஓடுகின்றன என்றார். ஆனால் முனை வட்டமாகத் தேய்ந்திருந்ததால் சத்தியம் பண்ண மாட்டேன் என்றும் சொன்னார். ஊசியைச் சுடவைத்துக் குத்திப் பார்க்கலாமா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். செலுலாய்டாக இருந்தால் குப்பென்று பற்றிவிடுமாம்.

"உள்ளங்கையில வைச்சுச் சூடு வர உரஞ்சுங்கோ. உரஞ்சிப்போட்டு மணந்து பாருங்கோ. செலுலாய்டெண்டா கற்பூரம் மணக்கும். அதைப் போட்டுத்தான் செய்யிறது."

உரஞ்சினேன். மூக்கருகே கொண்டுபோனேன். ஒன்றும் இல்லை. அப்படியென்றால் தந்தம்தான். கத்தியை மேசையில் வைத்து, பெட்டியோடு அவர் பக்கம் தள்ளினேன். அவர் மணந்தார். முகம் மலர்ந்தது. கற்பூரம்தான், அருமையாக மணக்குது என்றார். நான் மூச்சுவிடுவதற்குள், கிண்ணத்தை எடுத்து மணந்தார், பிரஷை எடுத்து மணந்தார். முகம் மாறியது.

"அண்ணை, இதுகளை வீட்டில எங்க வைச்சிருந்தனீங்கள்?"

"சாமித்தட்டில."

புதுச் சாமான் எதை வாங்கினாலும் கொஞ்ச நாள் சாமிப்படங்கள் இருக்கும் அந்தத் தட்டில் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். கத்தியை மூன்று கிழமை கற்பூர டப்பாவோடு ஒட்டி வைத்திருந்தேன். தினமும் அந்த மணத்துக்குள்ளே இருக்கிற என் மூக்குக்கு அது தெரியவில்லை. அவருக்கோ என் சட்டையிலும் மணந்ததாம். தங்கள் வீட்டில் கற்பூரம் கொளுத்துவதில்லை, அதனால்தான் பிடிபட்டது என்றார். உள்ள ஒரேயொரு நல்ல சோதனையையும் என் கையாலேயே கெடுத்துவிட்டிருந்தேன்.

கதிரையில் இருந்துவிட்டேன். என்னுடைய பெயர் போட்ட கோப்பு ஒன்று எங்கேயோ ஓர் அலுவலகத்தில் மூடப்படுவது போலிருந்தது. அவர் குழாயடிக்குப் போனார். பிறகு கைகளைக் கழுவிவிட்டு, கத்தி, பிரஷ், கிண்ணம் மூன்றையும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார். துடைத்து, என்னிடமிருந்து தூரமாக, திறந்த யன்னலோரம் காயவைத்தார். ஒரு வாடிக்கையாளர் வந்து முடி வெட்டி, தாடி சரிசெய்து, காலநிலையைப் பற்றி நீளமாகக் கதைத்துவிட்டுப் போனார். நான் யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி எடுத்தார். முதலில் பிரஷைச் சுடுதண்ணீரில் பிடித்து மணந்தார். வெறும் சவர்க்காரம். கிண்ணமும் அப்படியே. பிறகு கத்தியின் பிடியை மட்டும் குழாய்க்குக் கீழே பிடித்தார். மணந்தார். இன்னொரு தரம் பிடித்து மணந்தார்.

"இது வெளியிலயிருந்து ஏறின மணமில்லை அண்ணை. உள்ளுக்கயிருந்து வருது. யானைக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை."

அவர் விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் 'பிடி செலுலாய்ட், தந்தம் அல்ல' என்று ஆங்கிலத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, சலூன் முத்திரையும் குத்தித் தந்தார். பகிடிக்குத்தான் குத்தினார். நான் அதை என் கடிதத்துக்குள் வைத்து மடித்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸிலும் ஏறவில்லை. செவன் கிங்ஸிலிருந்து மனோர் பார்க் வரைக்கும் நடந்தேன். வழியில் நின்று, செய்தி அனுப்பியவருக்குப் பதில் எழுதினேன்: தந்தம் இல்லை, எழுதியது என் பிழை, விற்கவும் போவதில்லை. நல்லது, நன்றி என்று பதில் வந்தது.

வீட்டில் மனைவி முழுவதையும் கேட்டாள். செலுலாய்ட் குப்பென்று பற்றும் என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அப்ப மூண்டு கிழமை அதைச் சாமித்தட்டில வைச்சு, பக்கத்தில என்னை விளக்குக் கொளுத்த விட்டனீங்கள்?"

கத்தி இப்போது தோட்டத்துக் கொட்டிலில், ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறது. மத்தியான வெயில் கூடினால் போய்த் தொட்டுப் பார்க்கிறேன். விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. சலூனுக்குப் போய்வந்த அன்று பின்னேரம் அதன் நகலை எடுத்து, நன்னடத்தைப் பக்கத்தைத் திரும்பவும் மூன்று தரம் வாசித்தேன். 'இல்லை'கள் எல்லாம் இருந்தபடியே இருந்தன.