ஓடையில் அலசிய கொழுந்து

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். இன்று காலை, மூத்தவள் லெச்சுமியின் மகள் ஒரு பேரிக்காயை நறுக்கி வைத்துவிட்டு போனில் மூழ்கிவிட்டாள். திரும்பிப் பார்த்தால் துண்டெல்லாம் பழுப்பு. "கழுவுனா போயிருமா அம்மாயி?" என்றாள். சிரிப்பு வந்தது. கூடவே பழைய பயமும்.

தேயிலை விலை படுத்துக் கிடந்த காலம். பேக்டரி லாரி வராத நாளில் கொழுந்து சாக்குக்குள்ளேயே சூடேறிச் சிவக்கும். பழவாசம் போல ஒன்று அடிக்கும். அந்த வாசம் வந்தால் அன்றைய கூலி போச்சு என்று அர்த்தம். சிவந்ததை, கொழுந்து நிறுத்துக் கூலி எழுதும் கணக்கப்பிள்ளை தராசில் வைக்க விடமாட்டார். நான்தான் பெரிய கெட்டிக்காரியாயிற்றே, துணிக்கறை மாதிரி போய்விடும் என்று ஓடையில் அலசினேன். போகவில்லை. பச்சையோடு கலந்து, மழையில் நனைந்தது என்று சொல்லித் தராசில் ஏற்றிவிட்டேன்.

அந்த வாரந்தான் எஸ்டேட் பள்ளியைச் சோதிக்கக் கல்வி அதிகாரி வந்தார். பிள்ளைகள் பதில் சொல்லாவிட்டால் எட்டாம் வகுப்பை மூடிவிடுவார்கள். மூடினால் லெச்சுமி என்னோடு கொழுந்து பறிக்க வர வேண்டியதுதான். தாய்மார் நாங்கள் வாசலில் நின்றோம். எஸ்டேட் சார்பில் கணக்கப்பிள்ளை உள்ளே நாற்காலியில்.

"ஐஸ் உருகும், திரும்ப ஐஸாகும். அப்படித் திரும்பாத மாற்றம் ஒண்ணு சொல்லுங்க" என்று அதிகாரி பிள்ளைகளைக் கேட்டார்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் முந்தானையைத் திருகினார். லெச்சுமி எழுந்தாள்.

"கொழுந்து சிவக்கிறது சார்."

"திரும்பப் பச்சையாகாதுன்னு எப்படித் தெரியும்?"

"எங்கம்மா ஓடையில அலசிப் பாத்துச்சு சார். சிவப்பு போகவே இல்ல."

பிள்ளைகள் சிரித்தார்கள். கணக்கப்பிள்ளை எழுந்து வாசலுக்கு வந்து, தணிந்த குரலில், "மழைன்னு சொன்னியே ஆத்தா?" என்றார்.

"நெசமாம்மா?" அதிகாரி என்னைத்தான் கேட்டார்.

இல்லை என்றால் என் வேலை பிழைக்கும். என் பிள்ளை சொன்னது பொய்யாகிவிடும். நின்றுகொண்டிருந்த லெச்சுமியைப் பார்த்தேன்.

"நெசந்தாங்க. மூணு தண்ணி அலசுனேன். நெறம் மாறல."

"அப்புறமென்ன, பாடம் நல்லாத்தான் நடக்குது" என்று எழுதிக்கொண்டார்.

வகுப்பு தப்பியது. பொய் சொல்லி நிறுத்ததற்குக் கணக்கப்பிள்ளை எனக்கு இரண்டு வாரம் வேலை தரவில்லை.

இப்போது அந்தப் பள்ளி இல்லை. கூரைத் தகரத்தைக்கூடக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் பாதி வீடு பூட்டு.

கண்ணு, என் கிறுக்கலை வாசித்துக் காட்டு. கொஞ்சம் சத்தமாக, அடுப்படியில் இருக்கும் உன் அம்மா லெச்சுமி காதில் விழட்டும். அந்த இரண்டு வாரமும் எனக்குக் காய்ச்சல் என்றுதான் அவள் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.