நனைந்த கறுப்புத் துணி

செய்தி வந்தபோது பட்டறையில் ஒரு டிரெய்லரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தோம். எங்கள் ஃபிட்டர் பழனிசாமி வழக்கம்போல, "அக்காவக் கொண்டாந்து நிறுத்துங்க" என்று குரல் கொடுத்த அதே நிமிடம் என் போன் அடித்தது. சேலத்திலிருந்து ரஹமத்துன்னிசாவின் கணவர் அமீர் பாய். "சார், ரஹமத் போயிட்டா. காலையில நெஞ்சு வலின்னா, ஆஸ்பத்திரி போற வழியிலயே…" என்றார். வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

ரஹமத்துன்னிசாவை அறிந்த நீங்கள் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் அழைத்தீர்கள். என்னைவிட இரண்டு வயது இளையவர் என்றாலும் நானும் அப்படித்தான் அழைத்தேன். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் எங்கள் பட்டறையில் பதினோரு வருடம் ஸ்டோர் அவர் கையில் இருந்தது. சேலம் கோட்டைப் பக்கத்து வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனார். ஒரு நட்டு கேட்டால்கூட, "பழசு எங்க? அதக் காட்டுங்க" என்பார். நான் முதலாளி என்பதெல்லாம் ஸ்டோர் வாசலுக்கு வெளியேதான்.

சில வருடங்களுக்கு முன் லாரிகளின் பின்பக்கம் லேசர் சென்சார் பொருத்தும் வேலையை ஆரம்பித்தோம். கண்ணுக்குத் தெரியாத ஒளியைச் சுற்றிலும் வீசி, எதிரில் இருப்பதன் மேல் பட்டுத் திரும்பி வருவதை வைத்து, எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போடும் கருவி அது. வண்டி ரிவர்ஸ் வரும்போது ஆறு மீட்டருக்குள் ஆளோ மாடோ சுவரோ இருந்தால் அலாரம் அடித்து, தானாகவே பிரேக் பிடித்துவிடும். டிரைவருக்குத் தெரியாத இடத்தை இது பார்க்கும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தலைகால் புரியவில்லை எனக்கு.

முதல் டிரெய்லர் தயாரான அன்று நல்ல மழை. பஸ் ஸ்டாப்பிலிருந்து நனைந்துகொண்டே வந்த அக்கா, கறுப்பு பர்தாவோடு ஸ்டோரை நோக்கி நடந்தார். பழனிசாமி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். அலாரம் அடிக்கவில்லை, பிரேக்கும் பிடிக்கவில்லை. அக்கா ஒதுங்கிக்கொண்டே பின்கதவை உள்ளங்கையால் டம் டம் என்று தட்டினார். லாரிக்காரர்களுக்கு அந்தச் சத்தம் போதும், பழனிசாமி பிரேக்கை மிதித்துவிட்டார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். பயந்துவிட்டால் இன்னும் அதிகமாக வரும். "லாரி ரிவர்ஸ் வர்ற எடத்துல உங்களுக்கு என்ன வேலைங்க அக்கா?" என்று கத்தினேன்.

அவர் முகத்திலிருந்த தண்ணீரை வழித்துவிட்டு, "லாரி ரிவர்ஸ் வர்ற எடத்துக்கு எல்லாரும் வேலையாத்தான் சார் வருவாங்க. உங்க மிஷினுக்கு என்னையத் தெரியலை" என்றார்.

நான் என்ன செய்தேன் என்பதை இங்கே எழுதியே ஆக வேண்டும். ஒளிரும் பட்டை வைத்த ஆரஞ்சு ஜாக்கெட் ஒன்றை எடுத்துக் கொடுத்து, பர்தாவின் மேல் போட்டுக்கொண்டு நிற்கச் சொன்னேன். வண்டி அழகாக ஆறு மீட்டரில் நின்றது. "பாருங்க, தெரியுது" என்று சொல்லி, சோதனைத் தாளில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். சாயங்காலமே வண்டி, ஆர்டர் கொடுத்திருந்த ராசிபுரத்துக்காரரிடம் போய்ச் சேர்ந்தது. தருவதாகச் சொன்ன தேதிக்குத் தந்துவிட்ட பெருமையில் அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் அக்கா ஒரு கட்டைப்பை நிறையக் கறுப்புத் துணியோடு வந்தார். பக்கத்து வீட்டு ஐயப்ப பக்தரிடம் வாங்கிய வேட்டி, கணவரின் குடை, தன்னுடைய பர்தா. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொன்றையும் ஒரு இரும்பு ஸ்டாண்டில் போர்த்தி, பட்டறையில் நின்றிருந்த அடுத்த வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னார். வேட்டியைச் சென்சார் நன்றாகவே பார்த்தது. "பாத்தீங்களா, கறுப்பு ஒண்ணும் பிரச்சினை இல்லை" என்றேன். குடைக்குக் கொஞ்சம் தாமதித்தது. பர்தாவின் மேல் ஒரு மக் தண்ணீரை ஊற்றிவிட்டு எடுக்கச் சொன்னார். வண்டி நிற்கவே இல்லை. ஸ்டாண்டு சாய்ந்து விழுந்தது.

சில சாயங்கள் அந்த ஒளியைத் திருப்பி அனுப்பாமல் விழுங்கிவிடும், நனைந்தால் இன்னும் மோசம் என்று கருவியோடு வந்த புத்தகத்திலேயே சின்ன எழுத்தில் இருந்தது. நான் அதைப் படித்திருக்கவில்லை. தரையில் கிடந்த துணியைப் பார்த்தபடி, "ஜாக்கெட் போட்டா நிக்குதுல்லைங்க" என்று முனகினேன். இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"ரோட்டுல போற பொம்பளைக்கு யாரு சார் ஜாக்கெட் குடுப்பா?" என்றார் அக்கா.

பிறகு என் அறைக்கு வந்து எதிரில் உட்கார்ந்தார். டீக்கடையிலிருந்து இரண்டு டீ வந்தது. "ராசிபுரத்து வண்டி வெளிய ஓடிட்டு இருக்கு. மிஷின் பாத்துக்கும்னு டிரைவர் கண்ணாடியப் பாக்காம வருவாரு. முன்னயாவது பயந்துக்கிட்டு எடுத்தாரு. போன் போடுங்க" என்றார்.

ஆள் அனுப்பி ரகசியமாகச் சரிசெய்துவிடலாம், பேர் கெட்டுவிடும், மற்ற ஆர்டரும் போய்விடும் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். "முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கலாம் சார், நசுங்குன ஆள மறைக்க முடியாது. டீ ஆறுறதுக்குள்ள போட்டுருங்க" என்றார். அவர் தன் டீயைத் தொடவில்லை.

போட்டேன். மறுமுனையில் ராசிபுரத்துக்காரர், "ஏனுங்க, உங்க மிஷினு சரியில்லைன்னு நீங்களேவா போன் போட்டுச் சொல்றீங்க? வண்டி ஜேடர்பாளையத்துல லோடு எறக்கிட்டு இருக்குதுங்க. அது வரைக்கும் எறங்கிப் பாத்து எடுக்கச் சொல்றேன். எறக்குனதும் திருப்பி உடறேன்" என்றார். மூன்று ஆர்டர் போனது உண்மை. அவர் மட்டும் போகவில்லை.

அந்த வண்டியிலும் அடுத்தடுத்த வண்டிகளிலும் வேறு வகைக் கருவி ஒன்றையும் சேர்த்துப் பொருத்தினோம். அதற்குக் கறுப்பும் வெளுப்பும் ஒன்றுதான். சோதனைத் தாளில் 'ஜாக்கெட் இல்லாமல்' என்று ஒரு கட்டத்தை அக்கா ஸ்கேல் வைத்துத் தானே வரைந்து சேர்த்தார். பர்தாவையும் பட்டறைக்கே கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து, நனைத்த அந்தத் துணியைப் போர்த்திய ஸ்டாண்டின் முன் நின்றால்தான் எந்த வண்டியும் கேட்டைத் தாண்டும். ஸ்டாண்டுக்கு 'அக்கா' என்று பழனிசாமிதான் பெயர் வைத்தார். உண்மையான அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. "லீவு போட்டாலும் நான் இங்கயேதான் நிக்கிறேன், சம்பளத்தப் பிடிக்காதீங்க" என்று சிரித்தார்.

கபர்ஸ்தானில் மூன்று பிடி மண் போட்டுவிட்டுத் திரும்பிய பிறகு எங்களில் யாருக்கும் அந்த ஸ்டாண்டைத் தொட மனம் வரவில்லை. நான்கு நாள் எந்த வண்டியும் வெளியே போகவில்லை. ஐந்தாம் நாள் பழனிசாமி போய்த் துணியை நனைத்து எடுத்து வந்தார்.

நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்து அமீர் பாய் பட்டறைக்கு வந்தார். "அவ துணியெல்லாம் இல்லாதவங்களுக்குக் குடுத்துட்டோம் சார். பேத்தி ஒண்ணே ஒண்ணு வேணும்னு அழுவுறா. இங்க ஒண்ணு இருக்குன்னு ரஹமத் சொல்லிட்டே இருப்பா" என்றார். கொடுக்க மாட்டேன் என்று நான் எப்படிச் சொல்வேன்? துணி ஸ்டாண்டில்தான் இருந்தது. எதிரே ஒரு டிரெய்லர் சோதனைக்குத் தயாராக நின்றது. "இந்த ஒரு வண்டி பாத்துட்டுத் தர்றேன் பாய்" என்றேன்.

பழனிசாமி தண்ணீர் மக்கோடு தயங்கி நின்றார். அமீர் பாய் அதை வாங்கி, தோளிலிருந்து கீழே வரைக்கும் மெதுவாகத் தானே ஊற்றினார். வண்டி பின்னால் வந்தது. அலாரம் அடித்தது. ஆறு மீட்டரில் நின்றது.

"இன்னொரு தடவ வரச் சொல்லுங்க" என்றார்.

வந்தது, நின்றது. அவர் துணியின் ஓரத்தைப் பிழிந்து, சுருக்கம் நீக்கிவிட்டார். "பேத்தியக் கூட்டிட்டு வர்றேன். இங்க வந்து பாத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, வெறும் கையோடு பஸ் ஏறினார்.

அந்தத் துணி பட்டறைக்குச் சொந்தம். எனக்கென்று அக்காவிடமிருந்து வைத்துக்கொண்டது ஒன்று உண்டு. போன வாரம் கெங்கவல்லிக்குப் போன ஒரு வண்டியில் ஒயரிங் தவறாகிவிட்டது என்று தெரிந்ததும், மேசை மேலிருந்த டீயைத் தள்ளி வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். பேசி முடித்தபோது டீ சூடாகவே இருந்தது.