நிலவறைச் சுவரில் அஞ்சனக்கல்

ஊரை விட்டே கிளம்பும் நாளில் சாய்ரகுல் நிலவறைச் சுவருக்கு மண் பூசிக்கொண்டிருந்தாள். அந்தச் சுரங்க ஊரில் இதைவிடப் பெரிய பைத்தியக்காரத்தனத்தை யாரும் செய்ததில்லை.

வாசலில் லாரி நிறையச் சாமான் ஏறியிருந்தது. வீட்டை ஓர் ஆட்டுக்காரனுக்கு விலை பேசியாகிவிட்டது, பணம் மட்டும் இன்னும் வாங்கவில்லை. இனி வடக்கே, சமவெளியில், மகள் வீட்டோடு. கணவர் எர்கேஷை இதற்குச் சம்மதிக்க வைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பாறையில் துளை போட்டே நெஞ்சைத் தூசியால் நிரப்பிக்கொண்ட மனுஷன். இனியும் தூசி பட்டால் ஆள் தேற மாட்டார் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அப்படியும், சுரங்கத்தை மூடின பிறகுகூட, இருமிக்கொண்டே சுத்தியலால் மலையைத் தட்டிக் கல் தேடித் திரிந்தார். மத்தியானமே சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிடும் அந்தப் பள்ளத்தாக்கு, அவளுக்கு மூடி போட்ட சட்டிதான். கல்யாணமாகி வந்ததிலிருந்து அதற்குள் வெந்துகொண்டிருக்கிறாள்.

சற்று முன்புதான், கடைசியாக உருளைக்கிழங்கை எடுக்க நிலவறைக்குள் இறங்கினாள். மூட்டையை இழுத்த இழுப்பில் சுவர் மண் பொத்தென்று சரிந்தது. உள்ளே வெள்ளைப் பாறையின் வெடிப்பில், கத்திகளைக் கட்டுக்கட்டாகச் செருகி வைத்ததுபோல், ஈய நிறத்தில் லேசாக நீலம் ஓடும் பளபளப்பு.

சுரங்கத்தில் கல் ஓடிவரும் பெல்ட்டில் நல்ல கல்லையும் வெறுங்கல்லையும் பிரித்துப் பிரித்தே கை காய்த்தவள் அவள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனாலும் பொய்யாக இருக்கக் கூடாதா என்று ஒரு நப்பாசை. நகத்தால் கீறினாள். கோடு விழுந்தது, விரல் கருத்தது. ஒரு சிம்பைத் தீக்குச்சியில் காட்டினாள். ஈயக்கல் என்றால் தீக்குச்சிக்கெல்லாம் மசியாது. இது மெழுகாக உருகியது, கந்தக நெடி மூக்கில் ஏறியது. சந்தேகமே இல்லை, அஞ்சனக்கல். மூடின சுரங்கத்தில் ஊரே தோண்டிப் பிழைத்த அதே கல்.

எர்கேஷ் கண்ணில் இது பட்டால் லாரி காலியாகத்தான் திரும்பும். அவசர அவசரமாக மண்ணையும் வைக்கோலையும் குழைத்து அப்பினாள். அப்பியதோடு விட்டிருக்கலாம். கைப்பழக்கம் விடவில்லை, கண்ணாடிபோல வழித்தும் வைத்தாள்.

"ஏ கிழவி, அங்க என்ன மாவு பிசையிறியா? லாரிக்காரன் ஹாரன் அடிச்சே செத்துருவான்போல!" எர்கேஷ் ஏணியில் இறங்கி வந்தார்.

"எலி பொந்துங்க. அடைச்சேன்."

"விட்டுட்டுப் போற வீட்டுக்கு எவளாச்சும் மண்ணு பூசுவாளா? இனிமே அது ஆட்டுக்காரன் வீட்டு எலிடி." சிரித்துக்கொண்டே விரலால் அழுத்தினார். ஈர மண் கழன்று விழுந்தது. சிரிப்பும் நின்றது.

குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோல் அந்தப் பளபளப்பைத் தொட்டார். பிறகு இருமல் பிடித்துக்கொண்டது.

"உசுரு வேணாமா உங்களுக்கு?" என்றாள்.

"வேணும்டி. நீ வான்னா வர்றேன். சத்தியமா." எர்கேஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாம போனதும் ஆட்டுக்காரன் தோண்டுவான். தோண்டிட்டுப் போறான், விடு." ஏணியில் கால் வைத்தவர் திரும்பினார். "ஆமா, இங்க நீளமா ஒரு துண்டு ஒடைஞ்ச தடம் இருக்கே. அது எங்க?"

தூக்கிப் போட்டுவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாய்ரகுல் கோட்டுக்குள் கையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தாள். தலைத்துணியைக் கிழித்து, பஞ்சு வைத்துச் சுற்றியிருந்தாள்.

எர்கேஷ் பிரித்துப் பார்த்தார். "நுனிகூட ஒடையல," என்றார் மெதுவாக. ஏணியிலிருந்து காலை எடுத்துவிட்டார்.

மேலிருந்து அவருடைய தங்கை மகன் எட்டிப் பார்த்தான். லாரி அவனுடையதுதான். "அத்தை, கெளம்பலாமா வேணாமா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க!"

எர்கேஷ் அவள் முகத்தையே பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் அவள் பதிலுக்காகக் காத்து நின்றது அதுதான் முதல் தடவை. அவளோ அந்தச் சுவரைப் பார்த்தாள். நம் வீட்டுக்கு அடியில் கிடந்ததை யாரோ ஓர் ஆட்டுக்காரன் அள்ளிக்கொண்டு போவதா என்று வயிறு எரிந்தது. அந்த எரிச்சலுக்காகத் தன் மேலேயே அவளுக்குக் காறித் துப்பலாம் என்று இருந்தது.

"மொதல்ல கட்டில எறக்குப்பா," என்றாள்.

எர்கேஷ் இருமிக்கொண்டே சுத்தியலைத் தேடினார்.