ஜெசிந்தா போட்ட தையல்

டாக்டர் ஜெசிந்தாவை முதுகுக்குப் பின்னால் ‘ரெஃபர் மேடம்’ என்றுதான் சொல்வார்கள். திண்டிவனத்தை ஒட்டிய சின்ன ஆஸ்பத்திரி அது. கட்டி, விரைவீக்கம், கால் புண் என்று வந்தால் அழகாக அறுத்துத் தைத்து அனுப்புவாள். வயிற்றைத் திறக்க வேண்டுமென்றால் மட்டும் பேனாவை எடுத்து விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிவிடுவாள்.

பேசுகிறவர்களுக்கு என்ன, வாய் இருக்கிறது, பேசுவார்கள். மயிலத்துப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டைக் கடலை பிடுங்கியவர்களின் மகள், முட்டி மோதி சர்ஜரி மேற்படிப்பில் இடம் வாங்கினாள். சேர்ந்தது இரண்டாயிரத்து இருபதில். தலையெழுத்தைப் பாருங்கள்! கத்தி பிடிக்க வந்தவளுக்கு பிளாஸ்டிக் அங்கியை மாட்டி, கொரோனா வார்டில் ஆக்சிஜன் அளவு பார்க்க நிறுத்திவிட்டார்கள். அவசரமில்லாத ஆபரேஷன்கள் எல்லாம் தள்ளிப்போயின. அவசரமானதையும், உள்ளே ஆள் குறைவாக இருக்கட்டும் என்று பெரிய டாக்டர்களே மளமளவென்று முடித்தார்கள். மாணவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்றார்கள். குடலை வெட்டி இணைப்பதை ஜெசிந்தா வீடியோவில் நூறு தடவை பார்த்தாள். கசாப்புக் கடையில் ஆட்டுக்குடல் வாங்கிவந்து ஹாஸ்டல் அறையில் தைத்தும் பழகினாள். மனிதக் குடலில் அவள் கை தனியாக ஒரு தையலும் போட்டதில்லை. பட்டம் மட்டும் வந்துவிட்டது. யாரைப் போய்க் கேட்பது?

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சக்கரபாணி வந்தார். மூட்டை தூக்குகிறவர், ஐம்பது வயது. பல வருஷத்துக் குடலிறக்கம் திடீரென்று சிக்கிக்கொண்டு, காலையிலிருந்து துடித்துக்கொண்டிருந்தார். மனைவி வெள்ளையம்மாள் ஆட்டோவில் அழைத்து வந்திருந்தாள்.

தொட்டுப் பார்த்ததுமே ஜெசிந்தாவுக்குத் தெரிந்துவிட்டது. மாட்டிய குடலுக்கு ரத்தம் போகவில்லை. அழுகியிருந்தால் வெட்டி இணைக்க வேண்டும்.

“தியேட்டரு ரெடி மேடம். மயக்க டாக்டரும் இருக்காரு” என்றார் நர்ஸ் ராஜாமணி.

ஜெசிந்தா தன் கையைப் பார்த்தாள். லேசாக நடுங்கியது. “விழுப்புரம் அனுப்பிடலாம் சிஸ்டர்.”

“அவ்ளோ தூரமா? வலில துடிச்சிக்கினு கெடக்காரு டாக்டரம்மா, இங்கியே பாத்துடுங்களேன்” என்று கெஞ்சினாள் வெள்ளையம்மாள்.

“அங்க பெரிய டாக்டருங்க இருக்காங்கம்மா. அதான் அவருக்கு நல்லது.”

அப்போது ஜெசிந்தா அதை மனதார நம்பினாள்.

ஆம்புலன்ஸ் வரவே முக்கால் மணி நேரம். ஆள் விழுப்புரம் போய்ச் சேர்ந்த கையோடு போன் அடித்தது. சித்தார்த்தன். அவளோடு ஒரே வகுப்பில் சர்ஜரி படித்தவன். அங்கே அன்று அவன்தான் டியூட்டி.

“ஜெசி, நீ அனுப்புன கேஸு வந்திருக்கு. சீஃப் டாக்டரு சென்னையில மாட்டிக்கினாரு, வர மூணு மணி நேரமாவும். கொடலு கறுத்திருந்தா... நீ எப்பனா தனியா ஜாயின் பண்ணியிருக்கியா?”

“நீ பண்ணியிருக்கியா?”

“வீடியோவுலதான் பாத்திருக்கேன்” என்றான். அடப்பாவமே, இவனும் கண்ணாடிக்கு வெளியே நின்றவன்தானே! யாரிடம் அனுப்பினோம் என்பது ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

“ரெடி பண்ணு. நான் வர்றேன்” என்று சொல்லிவிட்டு, மயக்க டாக்டரின் காரை வாங்கிக்கொண்டு ஓடினாள்.

இரண்டு பேருமாகப் பயந்து பயந்து திறந்தார்கள். ஒரு முழம் குடல் கறுத்துக் கிடந்தது. வெட்டி எடுத்தார்கள். தைத்தது ஜெசிந்தா. பாதித் தையலில்தான் கவனித்தாள், கை நடுங்கவே இல்லை.

மறுநாள் காய்ச்சல் இறங்காததால் சீஃப் மறுபடி திறந்து பார்த்தார். “தையல் கச்சிதம்மா. ஒரு சொட்டுக் கசிவு இல்ல. ஆனா விஷம் ரத்தத்துல ஏறிப்போச்சு. இதையே ஒரு மூணு மணி நேரம் முன்னாடி பண்ணியிருந்தா, மனுஷன் எழுந்து நடந்திருப்பான்.”

மூன்றாம் நாள் சக்கரபாணி இறந்துபோனார்.

சேதி கேட்டு விழுப்புரத்துக்கு ஓடிவந்த ஜெசிந்தாவின் இரண்டு கைகளையும் வெள்ளையம்மாள் பிடித்துக்கொண்டாள்.

“அங்கியே வெச்சிக்கினு இருந்தா அன்னிக்கே போயிருப்பாருன்னு எல்லாரும் சொல்றாங்க டாக்டரம்மா. நீங்க அனுப்புனதாலதான் மூணு நாளாச்சும் கண்ணால பாத்தேன். நீங்க நல்லா இருக்கணும்.”

உண்மை ஜெசிந்தாவின் வாய்வரைக்கும் வந்தது. சொல்லத் துணிவில்லை. “பாத்துப் போங்கம்மா” என்றாள்.

வெள்ளையம்மாள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.