பேர்ண் பார்க்க நல்ல மாதம்

சுவிஸுக்கு எப்போது வரலாம் என்று கேட்டுக் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சொந்தக்காரர்கள் எனக்குத்தான் அழைப்பெடுப்பார்கள். சுவிஸில் டீட்டிகோன் என்ற ஊருக்கு வந்து இருபத்தாறு வருடம். பொதிகளைப் பிரித்து அனுப்பும் களஞ்சியத்தில் வேலை. அந்தத் தகுதியை வைத்துக்கொண்டு, எந்த ஊருக்கு எந்த மாதம் நல்லது என்று வாய் ஓயாமல் சொல்லுவேன். கேட்காதவர்களுக்கும் சொல்லுவேன்.

அக்கா ஒரே ஒரு ஊரைத்தான் கேட்டாள். அவள் யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் புவியியல் படிப்பித்தவள். ஆறே இல்லாத ஊரில், ஆறு எப்படி வளைந்து ஓடும் என்று கரும்பலகையில் கீறிக் கீறியே ஓய்வு பெற்றவள். தலைநகர் பேர்ணின் பழைய நகரத்தை ஆறு மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு ஓடுவதைப் படத்தில் பார்த்த நாளிலிருந்து, அதை நேரில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

எனக்கோ அவளுக்கு ஒரு குறையும் இல்லாமல் காட்ட வேண்டும் என்ற பிடிவாதம். முதலில் சித்திரையில் வரட்டுமா என்றாள். மழை, வேண்டாம் என்றேன். அடுத்த வருடம் ஆடி என்றாள். கால் வைக்க இடமில்லாமல் சனம் நிற்கும் என்றேன். பிறகொரு மார்கழியை, குளிருக்கு உனக்கு இழுப்பு வரும் என்று தள்ளினேன். போன வருடம் புரட்டாசிக்கு எல்லாம் சரிவந்தது. அந்த நேரம் பார்த்து அங்குள்ள தேவாலயக் கோபுரத்தைத் திருத்தச் சாரம் கட்டியிருந்தார்கள். சாரத்தோடு பார்த்து என்ன பிரயோசனம்? அதையும் நிறுத்தினேன். பதிலுக்குப் படங்கள் அனுப்பினேன். தொலைபேசியில் ஒவ்வொரு கூரையாக வர்ணித்தேன்.

இந்த வருடம் அவள் கேட்கவில்லை. "நான் வாறன். நீ மாதத்தை மட்டும் சொல்லு" என்றாள். மரமெல்லாம் மஞ்சளாகும் ஒக்டோபர் தொடக்கத்தைச் சொன்னேன்.

விமான நிலையத்தில் அவளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பாஷை தெரியாத எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான் வருவார்கள் என்று நான் சிரித்தேன். வீட்டில் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நடந்தாள். "படி புதுசு, அதுதான்" என்றாள். இவ்வளவு பாசமா என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை வேறு.

மூன்றாம் நாள் ரயிலேறினோம். பேர்ணில் இறங்கும்போதே மூடுபனி. மேலே போனால் கலைந்துவிடும் என்று நம்பி, பஸ்ஸில் குன்றின் மேலிருக்கும் ரோஜாத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். மதிலோரம் நின்று பார்த்தால் கூரையும் இல்லை, கோபுரமும் இல்லை, ஆறும் இல்லை. ஒரே வெள்ளை. இத்தனை வருடம் பொறுக்கியெடுத்த நாள் இப்படியா போக வேண்டும்? எனக்கு அழுகை வரப் பார்த்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

அதற்குள் அக்கா மதிலில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னாள்: "எவ்வளவு வடிவு பிள்ளை! நீ சொன்ன மாதிரியே சிவப்புக் கூரையள். ஆறு வளையுற வளைவைப் பாரன்!"

பகிடி விடுகிறாள் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். விருந்துக்குப் போன வீட்டில் கறியைப் புகழுகிறவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

"அக்கா, முன்னுக்கு ஒண்டுமில்லை. எல்லாம் பனிப்புகார் மூடிக்கிடக்கு."

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு மெல்ல, "எனக்கு எப்பவும் இப்பிடித்தான் இருக்கு" என்றாள்.

கண்ணுக்குள் அழுத்தமாம். வலக்கண் மூன்று வருடத்துக்கு முன்பே போய்விட்டது. இடக்கண் போன தை மாதம். இனித் திரும்பாது என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். அதற்குப் பிறகு நான் அனுப்பிய படங்களைப் பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துச் சொல்ல, இவள் எனக்கு "வடிவு" என்று பதில் அனுப்பியிருக்கிறாள்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கத்தினேன். நாயோடு போன ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். ஆனால் எங்கள் குடும்பங்களில் வெளிநாட்டில் இருப்பவளுக்கு யார் எதைச் சொல்லுகிறார்கள்? அம்மா விழுந்ததையே அவர் எழும்பி நடந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். என் முதுகு ஒப்பரேஷனை நானும் ஊருக்குச் சொல்லவில்லை.

என் மனம் மாதங்களை எண்ணியது. சாரம் கட்டியிருந்த அந்தப் புரட்டாசியில் அவளுக்கு ஒரு கண் தெரிந்திருக்கிறது. சாரத்தோடாவது பார்த்திருப்பாள்.

"சொல்லியிருந்தா என்ன செய்திருப்பாய்?" என்று கேட்டாள் அக்கா. "கண் சுகமாகட்டும், அடுத்த வருசம் வா எண்டிருப்பாய்."

அப்படித்தான் சொல்லியிருப்பேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

பதினொரு மணியளவில் பனி விலகியது. முதலில் கோபுரம், பிறகு கூரைகள், கடைசியில் கீழே பச்சையாக ஆறு. இவ்வளவு காலம் வாய் ஓயாமல் வர்ணித்த எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. நான் மூச்சுவிட்ட விதத்திலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. உள்ளங்கையை நீட்டினாள்.

"கீறிக் காட்டு."

விரலால் கீறினேன். இடப்பக்கத்தால் வந்து, எங்கள் காலடியில் திரும்பி, வலப்பக்கத்தால் போகிறது. அவள் கை அசையவில்லை.

"இவ்வளவு வளைவோ?" என்றாள். இந்த முறை அது உபசாரம் இல்லை. "முப்பது வருசமா நான் கீறினது காணாது, இன்னும் வளைச்சிருக்கோணும்."

நான் திரும்பவும் முதலிலிருந்து கீறினேன்.